சூசை சார் தலையாட்டாமல் போன வீடு

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வறையில் நான் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் கதவருகே வந்து நின்று, பிள்ளைகளுக்குக் கேட்காதபடி சொன்னார். “டீச்சர், நம்ம சூசை சார் தவறிட்டாராம். காலையில கொட்டகையில வேலை பாக்க உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராம்.”

ஆசிரியர் அறையில் பல வருடங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்த மனிதர். கேட்டதும் அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது ஒரு கேள்விதான்: இனியாவுக்குச் செய்து முடித்தாரா? இனியா என் மகள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அந்தக் கேள்வி எனக்கு ஏன் வந்தது என்று சொல்லாமல் சூசை சாருக்கு என்னால் அஞ்சலி எழுத முடியாது. அவரை அறியாதவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

மணமேல்குடிக்குத் தெற்கே, கிழக்கில் கடலும் மேற்கில் கண்மாயுமாக இருக்கும் ஊர் எங்களுடையது. இங்கே அரசுப் பள்ளியில் அவர் கணக்கு ஆசிரியர், நான் தமிழ். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றபோது அவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். “வாங்க டீச்சர். அங்கிட்டு ஃபேன் ஓடாது. இங்கிட்டே உக்காருங்க.” சட்டைப் பையில் பேனாவோடு ஒரு மடித்த உப்புத்தாளும் இருக்கும். ஓய்வு வேளையில் மேசைக்குக் கீழே எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பார். தலைமை ஆசிரியர் வந்தால் உப்புத்தாள் விடைத்தாளுக்கு அடியில் போய்விடும். மேசையில் கிடக்கும் மரத்தூள் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

கிறிஸ்துமஸுக்கு ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் மரப் பொம்மைகள் செய்து கொடுத்தார். அவருடைய மகள் சிறுமியாக இருந்தபோது செய்த ஒரு மர மீனைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்க, அடுத்த வருடத்திலிருந்து எல்லோருக்கும் என்று ஆகிவிட்டது. இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பல வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் பொம்மை நாள்தான்.

அவர் வேலை செய்த விதம் வேறு யாரிடமும் நான் பார்க்காதது. தீபாவளி முடிந்ததும் மாலையில் தெருவில் இறங்குவார். “எங்க, கையக் குடு பாப்பம்” என்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். பிள்ளையிடம் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. “புடிச்சாத் தெரிஞ்சுரும் டீச்சர், என்ன செய்யணும்னு” என்பார். ஒரு பெண் குழந்தைக்கு ஜேசிபி வண்டி செய்து கொடுத்தார். அதன் அம்மா முகம் சுளித்தார். அந்தக் குழந்தையோ அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கியது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வாயும் சும்மா இருக்காது. “கணக்கு வாத்தியார் எப்ப ரேகை பாக்க ஆரம்பிச்சீங்க? எனக்கு டிரான்ஸ்பர் எப்ப வரும்னு பாத்துச் சொல்லுங்களேன்” என்று கையை நீட்டுவேன். “அது ஆபீஸர் கையில இருக்கு டீச்சர், ஒங்க கையில இல்ல” என்று சிரிப்பார்.

புயல் அடித்த வருடம் அவருக்கு மரத்துக்குப் பஞ்சமே இல்லை. விழாத மரமே ஊரில் இல்லை. எங்கள் வீட்டுப் பூவரசும் போனது. கூரை இல்லாத வீடுகளுக்கும் அந்த டிசம்பரில் பொம்மை போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் ஓடும் சத்தத்தில்தான் ஊருக்கு உயிர் திரும்பியது. நான் அறிந்த சூசை சாரின் நல்ல வருடம் அது.

அதற்கு அடுத்த வருடம், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார். “நம்ம கண்மாய்க்கரைப் பாண்டியம்மா மகன் கையப் புடிச்சேன் டீச்சர். ஒண்ணுமே வரலை. வெறும் கையா இருந்துச்சு.”

“அப்ப ஒரு பம்பரம் செஞ்சு குடுங்க சார். எந்தப் பையன் வேணாம்பான்?”

பம்பரம் கடைந்தார். மரம் வெடித்தது. படகு செதுக்கினார். அதுவும் நடுவில் பிளந்தது. வேறு கட்டை எடுக்க நாள் போதவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அந்தப் பையனுக்கு மட்டும் கேக்கும் பலூனும் கிடைத்தன. பொங்கலுக்கு முன்னால், மழையில் நிரம்பியிருந்த கண்மாயில் அவன் வழுக்கி விழுந்து இறந்துபோனான்.

அவர் என்னிடம் அதைச் சொன்னது பையன் இறப்பதற்கு முன்பு, பின்பு அல்ல. இதை எத்தனையோ முறை எனக்குள்ளேயே விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

சாவு வீட்டில் பாண்டியம்மாள் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “எல்லாப் புள்ளைக்கும் குடுத்தீங்களே சாரு. ஏம் புள்ளைக்கு மட்டும் ஏன் குடுக்கலை? ஒங்களுக்குத் தெரியும் சாரு. தெரிஞ்சுதானே குடுக்காமப் போனீங்க?” சுற்றியிருந்தவர்களின் அழுகை நின்றுவிட்டது. பந்தலில் இருந்த எல்லோரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். உடலை எடுக்கும்வரை சூசை சார் கை கட்டி அங்கேயே நின்றார்.

மறு வருடம் அவர் தெருவில் இறங்க வேண்டியிருக்கவில்லை. தாய்மார்களே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்துகூட வண்டியில் வந்தார்கள். பிள்ளையின் கையை அவர் கையில் வைத்துவிட்டு, அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அத்தனை பேர் கூடியிருந்தும் வாசலில் சத்தமே இருக்காது. முன்பு பொம்மை கேட்டு அழுத பிள்ளைகள் இப்போது கையைக் கொடுக்க மாட்டேன் என்று அழுதார்கள். சூசை சார் தொட்டவுடன் தலையாட்டிவிடுவார். மூச்சு விட்டுக்கொண்டு அந்தத் தாய் நகர, அடுத்த கை வரும்.

அந்தப் பொம்மைகளை யாரும் விளையாடக் கொடுக்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்தார்கள். ஒரு வீட்டில் மர ஆமைக்குக் குங்குமம் வைத்திருந்ததை அவரே பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். “வெளையாடத்தான் செஞ்சேன் டீச்சர். கும்புடவா செஞ்சேன்?” அன்று முழுவதும் அவர் உப்புத்தாளை எடுக்கவில்லை.

பாண்டியம்மாளும் வந்தார். கூட்டம் போன பிறகு தன் கையையே நீட்டினார். “இது அவன் கைதான் சாரு. வளந்திருப்பான்ல, அதுக்கு ஏத்தாப்புல பெருசாச் செய்ங்க.” அவர் அந்தக் கையையும் பிடித்துத் தலையாட்டினார். இறந்த பிள்ளைக்கு ஒவ்வொரு வருடமும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிய பொம்மை. பாண்டியம்மாள் அவற்றைக் கண்மாயில் விடுவார். காற்றில் நகர்ந்து மடைப் பக்கம் வந்து ஒதுங்கி நிற்கும். நானும் பார்த்திருக்கிறேன். சாயம் போன குதிரைகளும் படகுகளும் கரையைப் பார்த்தபடி அசைந்துகொண்டிருக்கும். ஆடு மேய்ப்பவர்கள்கூட அந்தப் பக்கம் இறங்குவதில்லை.

ஒருநாள் விடைத்தாள் திருத்தும்போது நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். “உண்மையிலேயே எல்லாக் கையிலயும் தெரியுதா சார்?”

“பாதிக் கையில ஒண்ணும் தெரியறதில்ல டீச்சர். மண்டைய ஆட்டிர்றேன். தோணுனதச் செஞ்சு குடுத்துர்றேன்.”

“அந்தப் பிள்ளைங்கள்லாம் நல்லாத்தானே இருக்கு? அப்ப இதுல ஒண்ணும் இல்லேன்னு ஊர்ல சொல்லிற வேண்டியதுதானே?”

பேனாவை மூடி வைத்தார். “சொல்லலாம். அப்ப அந்தப் பய சும்மாவே செத்தான்னு ஆயிருமே. அந்தம்மாவுக்கு ஏசறதுக்கு ஒரு ஆளாச்சும் வேணும்ல.” மறுபடி அதைத் திறந்துகொண்டே, “ஒங்ககிட்டதான் டீச்சர் இதெல்லாம் பேச முடியுது. நீங்கதான் நம்பாத ஆளு” என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

போன வருடம் ஓய்வு பெற்றார். இந்தத் தீபாவளிக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். இனியாவுக்கு அவர் வருடா வருடம் செய்து கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் மட்டும்தான் அவர் செய்த பொம்மைகளுக்குக் கால் உடைந்திருக்கும், சக்கரம் கழன்றிருக்கும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். அன்றும் அவள் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பிடித்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அந்தக் கையை மெல்ல அவள் மடியிலேயே வைத்துவிட்டு, “கொஞ்சம் தண்ணி குடுங்க டீச்சர்” என்றார். குடித்துவிட்டுப் போய்விட்டார். தலையாட்டவில்லை.

பொய்யாகவாவது ஊருக்கெல்லாம் ஆட்டும் தலை. நான் நம்பாத ஆள்தானே? மறுநாள் காலையிலேயே போன் செய்தேன். “ஏன் சார் தலையாட்டலை?”

“ஒங்ககிட்டயும் பொய் சொல்லணுமா டீச்சர்?”

“எப்படியாவது ஒண்ணு செஞ்சிருங்க சார். ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்.”

அந்தப் பக்கம் உளியைக் கீழே வைக்கும் ஒலி கேட்டது. “நீங்களுமா டீச்சர்” என்றார். பிறகு, “பாக்குறேன்” என்று வைத்துவிட்டார். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

தேர்வு முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஆனால் வந்த பெண்கள் பலரும் முதலில் பின்பக்கம் கொட்டகைக்குப் போய்விட்டுத்தான் அவரிடம் வந்தார்கள். கொட்டகையில் பொம்மைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் பிள்ளையின் பெயர். பெயரைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு அழுகை வந்தது. குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் அதையேதான் செய்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். மேசைக்குக் கீழே, மரத்தூளுக்குள், ஜன்னல் திட்டில் எல்லாம் தேடினேன். இனியா பெயர் எதிலும் இல்லை.

எனக்குப் பின்னால் பாண்டியம்மாள் நின்றிருந்தார். அவர் கையில் மகனுக்கான இந்த வருடக் குதிரை இருந்தது. “இத எடுத்துக்கங்க டீச்சர். ஒங்க மக பேரை எழுதிக்கங்க. ஏம் மகன் ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

என் கை நீண்டுவிட்டது. குதிரையின் கழுத்து ஈரமாக இருந்தது. பாண்டியம்மாளின் உள்ளங்கை வியர்வையாகத்தான் இருக்கும்.

“வேணாம் டீச்சர்.” சூசை சாரின் மனைவி மேரி அக்கா வாசற்படியில் நின்று சொன்னார். அவர் கண்கள் வற்றிப்போயிருந்தன. “அவரு வேணும்னேதான் செய்யலை. ‘ஒரு புள்ளையாச்சும் பொம்ம இல்லாம வளரட்டும் மேரி, ஊரு பாக்கட்டும், அப்பத்தான் இந்தப் பயம் போகும். இத டீச்சர் வீட்டுலதான் கேக்க முடியும்’னாரு. நேருல வந்து பேசணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

அது அவர் சொன்னதுதானா, என் முகத்தைப் பார்த்து அக்கா சொன்ன ஆறுதலா, எனக்குத் தெரியாது. என் மகளின் கையில் அவருக்கு ஒன்றும் தெரியாமல் போனதா, தெரிந்தும் மறைத்தாரா, அதுவும் தெரியாது. கையை இழுத்துக்கொண்டேன். பாண்டியம்மாள் அந்தக் குதிரையைச் சவப்பெட்டிக்குள் சூசை சாரின் கையருகே வைத்தார். பங்குத்தந்தை தடுக்கவில்லை.

“அறந்தாங்கிக் கடையில ஒரு பொம்ம வாங்கிக் குடுத்துருவமா?” என்று என் கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

கிறிஸ்துமஸ் அன்று மேரி அக்கா எல்லாப் பொம்மைகளையும் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்பது மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இனியா தெருவில் நடந்தால் வாசல்களில் பேச்சு நின்றுவிடுகிறது. கடைக்காரர் அவளுக்கு மிட்டாயைச் சும்மா கொடுத்தாராம். “எல்லாரும் ஏம்மா என்னையே பாக்குறாங்க?” என்று கேட்கிறாள். நீ அழகா இருக்கியே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சூசை சார், எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் நினைத்த அளவு நான் தைரியசாலி இல்லை. பொங்கலுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகும் வருடங்கள் இருக்கின்றன. நீங்கள் என்னிடம் கேட்டது அத்தனை வருடங்களையும்தான் என்று இப்போது புரிகிறது. அதைக் கேட்கக்கூடிய வீடு என்று என் வீட்டை நினைத்தீர்களே, அதற்காக உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

இனியா கோயில் மைதானத்துக்கு விளையாடப் போயிருக்கிறாள். கொஞ்ச நேரமாகப் பிள்ளைகளின் கூச்சல் கேட்கிறது. அதில் அவள் குரல் எது என்று பிரித்துக் கேட்கப் பார்க்கிறேன், முடியவில்லை. எழுந்து போய் அவளைக் கூப்பிட்டுவிடாமல் இருப்பதற்காகத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போய் வாருங்கள், சார். நான் அவளைக் கூப்பிடவில்லை.