எங்கள் தெருவில் பஸ் ஏற ஆளில்லை

எங்கள் தெருவில் யாராவது அளவு நாடாவை விரித்தால் போதும், வாசல் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். காரணம் இருந்தது. பக்கத்துத் தெருவில் ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் இப்படித்தான் சும்மா அளந்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் காம்பவுண்டுச் சுவர்களில் சிவப்புப் பெயிண்டால் கோடு விழுந்தது. அப்புறம் சுவர்களே விழுந்தன. அதிலிருந்து குப்பை வண்டிக்காரர் சுவரில் சாய்ந்து நின்றாலும் எங்கள் ஆட்கள் முறைப்பார்கள்.

அப்படிப்பட்ட தெருவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. மயிலாப்பூர்க் கால்வாயில் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். நகரம் வளர்கிறது, இனி வரும் காலத்தில் போக்குவரத்து எப்படி இருக்க வேண்டும், என்னென்ன இலக்குகள் வைக்கலாம் என்று பொதுமக்களையே கேட்கப்போகிறார்களாம். கல்யாண மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். என் மாமனார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருதரம், கழற்றிவிட்டு ஒருதரம் படித்தார்.

"நம்மள எதுக்குக் கேக்கறா? சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்றார்.

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் என் கவலை சுவரைப் பற்றியது அல்ல. அப்போது நான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமான புதிதில் வேலைக்குப் போகக் கூடாது என்றுதான் மாமனார் சொன்னார். பிறகு சம்மதித்தார் என்றால் அதற்கு ஒரே காரணம், பஸ் ஸ்டாப் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்ததுதான். காலையில் நான் ஏறுவதையும் சாயங்காலம் இறங்குவதையும் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கலாம். எந்த பஸ், கூட யார் இறங்கினார்கள், ஏன் இன்றைக்கு லேட் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்த பஸ் இருக்கும்வரை என் வேலைக்கு ஆபத்தில்லை.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு, தெரு ஆண்கள் எங்கள் கூடத்தில் கூடினார்கள். காபி போட்டது நான். நெரிசல் என்று சொன்னால் ரோட்டை அகலப்படுத்துவான், பஸ் வேண்டும் என்று சொன்னால் பெரிய பஸ்ஸாக விட்டு அதற்கும் அகலப்படுத்துவான், ஆகையால் ஒன்றுமே கேட்கக் கூடாது என்று முடிவாயிற்று. எங்கள் தெருவில் கூட்டமே இல்லை, பஸ்ஸில் ஏறக்கூட ஆளில்லை என்று ஒரே குரலில் சொல்லிவிட வேண்டியது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் என் கணவரிடம், பஸ்ஸையே எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். ஓடுகிற பஸ்ஸை யாராவது நிறுத்துவார்களா என்று சிரித்தார். ஆணாகப் பிறந்து ஸ்கூட்டரும் வைத்திருந்தால் சிரிப்பு சுலபமாக வரும்.

மண்டபத்தில் மணமேடை இருக்கிற இடத்தில் நகரத்தின் வரைபடம் தொங்கியது. காட்டன் புடவை கட்டிய ஒரு பெண் அதிகாரி, சார்ட் பேப்பரில் இலக்குகளை எழுதிக்கொண்டே வந்தார். விபத்தைக் குறைப்பது, நேரத்தை மிச்சப்படுத்துவது, தேவை இருக்கிற இடத்துக்கு பஸ்களைத் திருப்புவது. மூன்றாவதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு எதிர் ஸ்டாப்தான் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவின் முறை வந்தபோது மாமனார் எழுந்து, கூடத்தில் பேசிவைத்ததை அட்சரம் பிசகாமல் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அந்த அம்மாள் பெண்கள் வரிசையைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். மாமனார் திரும்பி என்னைத்தான் பார்த்தார். ஆனாலும் எழுந்தேன்.

"நான் தினமும் ஏறறேன், மேடம்."

"உங்களைத் தவிர?"

தினமும் என்னோடு முண்டியடித்து ஏறுகிற பாங்க் உத்தியோகக்காரி அங்கே இருந்தாள். அதே பஸ்ஸில் புடவைக் கடை வேலைக்குப் போகிறவள் இருந்தாள். பெசன்ட் நகருக்கு வீணை சொல்லிக்கொடுக்கப் போகிற மாமியும் இருந்தாள். மூன்று பேரும் தங்கள் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த தெருவைக் கூப்பிட்டார். அவர்கள் மேல் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

சில மாதம் கழித்து ஒருநாள் காலை, கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். "நாளைலேந்து இந்தாண்ட வராதும்மா, லஸ்ஸாண்ட போய்த்தான் ஏறணும். இன்னா பண்றது, ஏற ஆளே இல்லன்னு உங்க தெருக்காரங்களே சொல்லிக்கீறாங்க."

அன்று சாயங்காலம் மாமனார் சுவரைத் தட்டிக்கொடுக்காத குறை. ஒரு துளி சிவப்புப் பெயிண்ட் படவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது, வழக்கமில்லாத கனிவோடு ஆரம்பித்தார். லஸ் வரைக்கும் வெயிலில் நடக்க வேண்டுமே, உடம்பு என்னத்துக்கு ஆகும், பேசாமல் வேலையை விட்டுவிடேன் என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் ஏற ஆளில்லை என்று சொல்லும் யோசனையைக் கூடத்தில் முதலில் சொன்னதே இவர்தான். சுவருக்காகத்தான் சொன்னாரா, இல்லை, ஒரே கல்லில் இரண்டு மாங்காயா? இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

"சுவருக்காகத்தானே பஸ்ஸ விட்டுக்குடுத்தேள், மாமா? அந்தச் சுவர் ஆத்தப் பாத்துக்கட்டும். நான் நாளைக்குச் சீக்கிரமாக் கெளம்பிடறேன்" என்றேன். என் கணவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். மாமனார் கையலம்ப எழுந்து போனார்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்டாப் கம்பம் மட்டும் நின்றது. நான் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முனை திரும்பினேன். அதற்கப்புறம் எந்த பஸ், கூட யார், ஏன் லேட் என்று அவருக்கு எதுவுமே தெரியவில்லை.