பரிட்சைக்கு வைத்திருந்த இதயம்

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் பதினாறு வருஷமாகச் சின்ன வெங்காயம் ஆய்ந்தவள் பொன்னழகு. மழைக்காலத்தில் மூட்டைக்கு அடியில் அழுகி ஒழுகுவதைக் கையால் வழித்துப் போட்டுவிட்டு, கை கழுவி அதே இடத்தில் உட்கார்ந்து சோறு தின்பாள். அவளுக்கு முகம் சுளிக்கவே தெரியாது என்பார்கள் கூட வேலை செய்த பெண்கள். அப்படிப்பட்டவளுக்கு இப்போதெல்லாம் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டாலே குமட்டுகிறது.

பன்னிரண்டு வயதில், கன்னிவாடிப் பக்கத்துச் சொந்த ஊரில், அவளுக்குத் தொண்டை வலி வந்தது. இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். முழங்கால் வீங்கியது, அது வடிவதற்குள் கணுக்கால், பிறகு முழங்கை. வாதம் என்று எண்ணெய் தடவினார்கள். வீக்கம் வடிந்தது. நெஞ்சுக்குள்ளே இதய வால்வில் விழுந்த தழும்பு மட்டும் தங்கிவிட்டது. அது யாருக்கும் தெரியவில்லை. முப்பத்தெட்டு வயதில் மூட்டை இழுக்கும்போது மூச்சு வாங்கியது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் இருமியபோது எச்சிலில் ரத்தம். டி.பி.யாக இருக்கும் என்று பேட்டையில் தள்ளி உட்கார்ந்தார்கள்.

லோடுமேன் வேலை பார்க்கும் அவள் புருஷன் தங்கமுத்து, ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். எக்கோ என்று இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் இடதுபக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் வால்வு சுருங்கிவிட்டதாம். நெஞ்சைப் பிளக்க வேண்டாமாம். தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூனை ஊதி விரித்துவிடலாமாம். அதுவரைக்கும் நீர் பிரிய மாத்திரை, இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி.

"மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதிப் போடுறோம். தேதி வந்ததும் சொல்லுவோம்" என்றார் பேராசிரியர்.

தேதி வரவில்லை. மாணவர்கள் வந்தார்கள். ஊசிக்குப் போகும்போதெல்லாம் அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, பத்துப் பேர், பதினைந்து பேர். "இடப்பக்கம் திரும்பிப் படுங்கம்மா. மூச்சை வெளிய விட்டு அடக்குங்க." சில்லென்ற உலோகம் மார்பின் கீழே வந்து உட்காரும். சுருங்கிய வால்வின் சத்தம் கேட்காவிட்டால் அழுத்துவார்கள். அப்படியும் கேட்காவிட்டால் எழுப்பிவிட்டு, "நாலு தடவ உக்காந்து எந்திரிங்க, அப்பத்தான் சத்தம் நல்லா வரும்" என்பார்கள். மூச்சு முட்டுகிறது என்று வந்தவளைத் தோப்புக்கரணம் போட வைத்து, அவள் இளைப்பதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். எருமை உறுமுகிற மாதிரி இருக்கிறது என்று ஒருத்தன் சிரித்தான். கதவைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்த வட்ட வட்டமான சில்லிப்பு போகவில்லை.

மாணவர்கள் பரிட்சையில் சோதித்துப் பார்க்கும் நோயாளியாக இருக்க வேண்டும் என்று, பரிட்சைக்கு முதல் நாளே அவளை வரச்சொன்னார்கள். திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தாள். அந்தப் பக்கம் உதவி டாக்டர் பேசியது கேட்டது.

"சார், இந்தம்மாவுக்கு மதுரையில தேதி வந்து மூணு மாசமாச்சு. அங்கருந்து மறுபடி கேக்குறாங்க."

"பரிட்சை முடியட்டும்யா. இப்ப விரிச்சுட்டா அந்த மர்மர் சத்தம் போயிரும். இம்புட்டு நல்ல கேஸ எங்க போய்ப் பிடிக்கிறது?" என்றார் பேராசிரியர்.

பொன்னழகு கட்டிலை விட்டு இறங்கினாள். கொடுத்திருந்த தயிர்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே குப்பைக்கூடையில் போட்டாள். வீட்டில் சொன்னபோது தங்கமுத்து, "நாளைக்குப் போகாத, விடு" என்றான். "போறேன். போய்த்தான் கேக்கணும்" என்றாள்.

மறுநாள் அவள் கட்டிலுக்கு வந்தவள் ஷமா என்ற மாணவி. உள்ளங்கையில் ஸ்டெதாஸ்கோப்பைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, "வைக்கலாமாக்கா?" என்று கேட்டாள். அப்படி ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குள் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பேராசிரியரோடு வந்து நின்றார்.

"என்னம்மா செய்யுது உங்களுக்கு?"

"வால்வு சுருங்கிருக்கு சார். பலூன் வச்சா சரியாகுமாம். மதுரைக்காரங்க தேதி குடுத்து மூணு மாசமாச்சு. சத்தம் போயிரக் கூடாதுன்னு இவுக அனுப்பாம வச்சிருக்காக."

"பயந்து போயிருக்காங்க சார்" என்று பேராசிரியர் சிரித்தார்.

"பயமில்ல சார், அருவருப்பா இருக்கு" என்றாள் பொன்னழகு. எழுந்து உட்கார்ந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

தேர்வாளர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். மதுரைக் கடிதம் கடைசியில் குத்தப்பட்டிருந்தது. தேதியைப் பார்த்தார், பேராசிரியரைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "இவங்க இன்னைக்கே கிளம்பணும்" என்று மட்டும் சொன்னார். ஷமாவுக்கு வேறொரு நோயாளியைக் கொடுத்தார்கள்.

அந்த வாரமே மதுரையில் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். மூன்றாம் நாள் பொன்னழகு மல்லாந்து படுத்து, ஒரு தலையணையோடு விடிய விடியத் தூங்கினாள். ஒரு மாதம் கழித்து, குணமானதற்குச் சான்று வாங்கப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பேராசிரியர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணும் கேக்கல, போ" என்றார்.

இப்போது ஊசியை வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்கிறாள். பேட்டைக்கும் போகிறாள், மூட்டை இழுப்பதில்லை, உட்கார்ந்து ஆய்வதோடு சரி. போன மாதம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. மறுபடி பரிட்சையாம், லேசான சத்தம் மிச்சமிருக்குமாம், சாப்பாடு தருவார்களாம்.

"ஒங்க நெஞ்சுல வச்சுக் கேட்டுக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வெங்காயத்தை ஆய ஆரம்பித்தாள்.