டிஷ்ஷைக் கோணலாக்கியது நானில்லை

1981 செப்டெம்பர் முதல் வாரம், பள்ளி விடுமுறையின் கடைசி நாட்களில், நான் தெரணியகலை போனது ஊர் பார்க்க அல்ல. என் மேல் விழுந்த பழியைக் கழுவ. அங்கே ரப்பர் தோட்டத்தில் ஷீட்டுகளுக்குப் புகை போடும் வேலை பார்க்கும் பெரியம்மா மகன் செல்வம் அண்ணன், தபாலட்டை போட்டிருந்தார்: "நீ ஏறிக் குதிச்சுதான் டிஷ் கோணிப்போச்சு. இனி இந்தப் பக்கம் வராத." தபால்காரர் முதல் ஊரே படித்திருக்கும்! போன தடவை அதில் 'இட்லி கிடைக்கும்' என்று பலகை மாட்டியது நான்தான். ஏறியது நானில்லை.

டிஷ் என்பது வானம் பார்த்து மல்லாந்து கிடக்கும் இருபதடித் தட்டு. குழாய்ச் சட்டத்தின் மேல் கம்பி வலை. சூரியனின் ரேடியோ அலையைப் பிடிக்க அண்ணன் கட்டியது. திருப்ப முடியாது. சூரியன் நேர் உச்சிக்கு வரும் இந்தச் சில நாட்களுக்குள், அலையின் பலத்தைக் காட்டும் மீட்டர் முள் எழும்பாவிட்டால், அடுத்தது ஏப்ரலில்தான். அதுவரை குற்றவாளி நான்!

தெஹியோவிட்டவில் காலை 6.10 பஸ். எட்டு மைல், ஒரு ரூபாய் ஐம்பது சதம். டிஷ்ஷின் வளைவைச் சரிபார்க்கத் தச்சரிடம் வெட்டி வாங்கிய பத்தடி வளைவுப் பலகையைக் கூரையில் ஏற்றினேன்.

"மல்லி, பலகைக்கு அரை டிக்கெட்" என்றார் கண்டக்டர். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

"அப்ப அதுக்கு சீட் எங்கங்க?"

சிரித்துக்கொண்டே எழுபத்தைந்து சதம் வாங்கிவிட்டார். அநியாயம்.

பிறகு இரண்டு மைல் ஏற்றம். 8.15க்குப் போய்ச் சேர்ந்தால், டிஷ்ஷின் கிழக்கு விளிம்பில் ஈரம் சொட்டச் சொட்ட முப்பது ரப்பர் ஷீட்டுகள்!

"இது யாரு போட்டது?"

"நாந்தான். கொடியில இடமில்ல, தண்ணி வடிய வேணாமா? அளக்குறப்ப எடுத்துருவேன்டா."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா."

ஷீட்டுகளை எடுத்துவிட்டு அளந்தோம். நடுக் கம்பத்தில் பலகையைப் பொருத்திச் சுற்றி, அதற்கும் வலைக்கும் உள்ள இடைவெளியை அடிக்கோலால் பார்க்க வேண்டும். மேற்கே சரி. கிழக்கு விளிம்பில் இரண்டேகால் அங்குலத் தொய்வு! பிடிக்கப் போவது எட்டு அங்குல அலை; அதற்கு அரை அங்குலப் பிசகே அதிகம். பாரத்தை எடுத்தும் வளைந்த குழாய் நிமிரவில்லை.

"நான் குதிச்சிருந்தா நடுவுலல்ல பள்ளம் விழும்? முப்பது பேரா வந்து ஓரத்துல வரிசையா தொங்குனேனா?"

அண்ணன் ஸ்பேனர் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

வலையைத் தாங்கும் போல்ட்டுகளைத் திருகி உயர்த்துவது, மறுபடி அளப்பது, மறுபடி திருகுவது. 11.40க்குக் கால் அங்குலத்துக்குள் வந்தது. பன்னிரண்டிலிருந்து மெல்ல ஏறிய முள், 12.08க்கு உச்சம் தொட்டது. அண்ணன் துள்ளினார். மன்னிப்பு? ம்ஹூம். "பசிக்குதாடா?" என்றார்.

"அட்டையிலதான திட்டுனீங்க, அட்டையிலயே எழுதுங்க" என்று அதே தபாலட்டையை நீட்டினேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும் கடைசி பஸ் 4.30. காலில் ஏறிக் கடிக்கும் காட்டு அட்டைக்குச் சவர்க்காரம் அவசியம், தபாலட்டைக்கு மருந்தில்லை. அரை டிக்கெட்டுக்குப் பயந்து பலகையைக் காலுக்கிடையில் மறைக்க முடியாது, திரும்பும்போது முயன்று பார்த்துவிட்டேன்.

கிளம்புமுன் இரண்டு மரங்களுக்கிடையே ஷீட்டுக்கென்று புதுக் கொடி கட்டினேன். அதில் முதலில் தொங்கியது அந்தத் தபாலட்டை, எழுத்து வெளியே தெரிய. அடியில் அண்ணன் கையால்: "தம்பி குதிக்கல. ஷீட்டு போட்டது நான்."