வீங்கிய உதடு, மச்சினன் கை

2024 ஏப்ரல் 21, ஞாயிறு. ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஞாயிறு என்பதால் சோமனூரில் தறிச் சத்தம் இல்லை. பால் வாங்கி வந்து மனைவிக்கு பிரஷர் பார்த்தேன்: 138/86. காபிக்குப் பிறகு பிரஷர் மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அதைப் புதிதாக எழுதிக் கொடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. வியாழனன்று அவளுடைய மேலுதடு சற்று வீங்கியது. வெயில் சூடு என்று விளக்கெண்ணெய் தடவினோம், சாயங்காலம் வடிந்துவிட்டது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மறுபடி வீங்கியது. பத்து மணிக்குள் கீழுதடும் தடித்துத் தொங்கி, கன்னமும் உப்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது காரமடையிலிருந்து அவள் தம்பி வந்து நின்றான். மகள் காதுகுத்துக்கு அழைக்க வந்தவன், தட்டும் கையுமாக அக்கா முகத்தைப் பார்த்தான்.

"ஏனுங்க மச்சான், கை வெச்சுபோட்டீங்களா?"

"இல்ல மாப்ள, தானா வீங்குது."

"தானா எந்த ஒதடுங்க வீங்கும்?"

முதல் அறை என் காதோரம் விழுந்தது. கண்ணாடி பறந்தது. மரியாதையும் அதோடு போயிற்று.

"கேக்க ஆளில்லீனு நெனச்சியாடா?"

கழுத்தைப் பிடித்து என் தலையைக் கதவு நிலையில் இரண்டு தடவை மோதினான். மூக்கு ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. அவள் இல்லை இல்லையென்று கையை ஆட்டினாள். நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை.

"இவனுக்கு நீ பயப்படாதக்கா" என்றபடி என் வயிற்றில் உதைத்தான்.

அவள் குக்கர் மூடியை எடுத்துத் தம்பியின் பிடரியில் ஓங்கி அடித்தாள். திரும்பியவனிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். மூச்சு விசில் போல இழுத்தது. முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அவன் காரிலேயே கோவைக்குப் பறந்தோம். ஊசி போட்டு, தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள். மூச்சு சீரான பிறகு டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார்:

"அடியெல்லாம் இல்லீங்க. பிரஷர் மாத்திரை ஒத்துக்கல. இதுக்கு முன்னாடி வீங்குச்சுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

மச்சினன் அங்கேயே என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த அவனை எழுப்பினேன். "வியாழக்கிழமையே வீங்குச்சு மாப்ள. அதுக்கப்பறமும் நாந்தான் மாத்திரை குடுத்தேன்" என்றேன்.