தம்பி வாங்கிய துவக்கு

லியோன் அண்ணைக்கு வலது காது கேட்காது. எஞ்சின் சத்தத்தில் போனது என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கரம்பொன்னில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையின் முகப்பில், படகு எஞ்சின் திருத்துகிற கொட்டில் அவருடையது. அதை ஒட்டி, தொலைபேசிக்கு ரீலோட் போட்டு, போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கிற கடை என்னுடையது. நடுவில் ஒரு தகரம்தான். தொலைபேசியை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் அவர் கதைப்பார். “மற்றக் காதில வைச்சுக் கதைக்கலாம் தானே அண்ணை” என்று ஒருநாள் கேட்டேன். “அந்தக் கையில எப்பவும் ஸ்பனர் கிடக்குது” என்றார். இடக்கைக்காரர்.

முதல் எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் எந்த மார்க் நல்லது என்று அவரிடம்தான் வந்து கேட்பார்கள். அவர் மார்க்கின் பெயரைச் சொல்லமாட்டார். எந்தப் பக்கம் தொழிலுக்குப் போறீர், கூட ஆர் வாறது, நடுக்கடலில் நிண்டால் நீரே கழட்டுவீரோ என்று கேட்டுக்கொண்டே போவார். வந்தவருக்குச் சினம் வந்துவிடும். “அண்ணை, பாவசங்கீர்த்தனத்துக்கே நான் வந்தனான்?” என்று ஒருவர் கத்தியதும் உண்டு. கடைசியில் பதில் அந்த மனிதரின் வாயிலிருந்தே வந்துவிடும். அவர் தலையை ஆட்டுவார்.

அவருக்கு ஒரே தம்பி, மிரோஜன். நோர்வேயின் வடக்கில் மீன் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், தேவாலயத்தில் பூசை முடிந்து அண்ணை கொட்டிலுக்கு வந்திருப்பார் என்று தெரிந்து தொலைபேசி எடுப்பான். போன ஆவணியில் ஒரு ஞாயிறு எடுத்தவன் நேரே விசயத்துக்கு வந்தான்.

“அண்ணை, நான் ஒரு துவக்கு வாங்கப் போறன்.”

லியோன் அண்ணையின் கை நின்றது. நிமிர்ந்து ஒழுங்கையைப் பார்த்தார். ஒரு மாடு நின்றது. தகரத்துக்கு இப்பால் நான்.

“என்னடா விசர்க்கதை?”

“வேட்டைக்கு அண்ணை. இஞ்ச வேலைத்தலத்தில எல்லாரும் போறவங்கள். சோதினை எல்லாம் பாஸ் பண்ணிப்போட்டன். எல்க் எண்டு ஒரு மான், எங்கட மாட்டை விடப் பெரிசு. ரண்டு மார்க் பாத்து வைச்சிருக்கிறன். இத்தாலிக்காரன்ர ஒண்டு, பெல்ஜியத்தான்ர ஒண்டு. ஒவ்வொரு வெடிக்கும் இழுக்கத் தேவையில்லை, அடுத்தது தானா ஏறும். எதை எடுக்க?”

“என்னட்ட ஏன் கேக்கிறாய்?”

“உங்களை விட்டால் நான் ஆரிட்டக் கேக்க?”

அண்ணை கையைத் துடைத்தார். கதிரையை இழுத்து மேசைக்குக் கிட்டப் போட்டு இருந்தார். எஞ்சின் வாங்க வந்தவர்களுக்கு நின்றுகொண்டுதான் பதில் சொல்லுவார். இருந்து நான் கண்டதில்லை.

“எது பாரம்?”

“பெல்ஜியத்தான்ர.”

“பாரமெண்டால் உதை குறைவு. ஆனா நாள் முழுக்கத் தூக்கித் திரியோணும். நீ திரிவியே?”

“இத்தாலிக்காரன்ர வடிவா இருக்கண்ணை.”

“வடிவு பாக்கிறதெண்டால் பொம்பிளை பாக்கப் போ.”

தொலைபேசிக்குள் மிரோஜன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணையும் சிரித்தார். பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். கழற்றிப் பூட்டுவது எது லேசு, கையுறை போட்ட விரலுக்கு விசை எட்டுமோ, அந்தக் குளிரில் எண்ணெய் தடிக்காதோ, உதிரிப்பாகம் எங்கே எடுக்கலாம். “கடையில போய்க் கையில எடு. கண்ணை மூடிக்கொண்டு தோளில வை. கண்ணைத் திறக்கேக்க குறி நேர நிண்டால் அது உன்ர துவக்கு. மார்க்கைப் பிறகு பார்.” துவக்கு வைக்க இரும்பு அலுமாரி வேணுமாம், பொலிஸ் வந்து பார்க்குமாம் என்று மிரோஜன் சொன்னபோது அண்ணைக்கு நம்ப முடியவில்லை. “துவக்குக்கு அலுமாரியோ! மழைக்குள்ள துவக்கைச் சுத்த ஒரு துணி இல்லாமல் நான் அம்மா தைச்சுத் தந்த சேட்டின்ர கையைக் கிழிச்செல்லோ சுத்தினனான். ஒரு கையோட அந்தச் சேட்டைக் கடைசி மட்டும் போட்டுக்கொண்டு திரிஞ்சனான்.”

சொல்லி முடித்ததும் ஒழுங்கையைப் பார்த்தார். பிறகு தகரத்தின் பக்கம் திரும்பினார். நான் ஒரு கொப்பியைப் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மிச்சத்தை வேறொரு நாள் அவரே சொன்னார். இடம்பெயர்ந்து நாச்சிக்குடாவில் இருந்த காலம். வீட்டுக்கு ஒராள் என்று இயக்கம் சண்டைக்கு எடுத்துக்கொண்டு போன 2008. வந்தவர்கள் உயரமாக இருந்த மிரோஜனைத்தான் கை காட்டினார்கள். அவனுக்குப் பதினைந்து வயது. லியோன் அண்ணை கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, “நான் வாறன்” என்றார். அந்தச் சேட்டுத்தான். காது, கடைசி மாதங்களில் பக்கத்தில் விழுந்த ஷெல்லில் போனது. சண்டை முடிந்து சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது, இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் தனியே வந்து நில்லுங்கள் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அம்மா அவருடைய கையைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை. அவர் போய் நிற்கவில்லை. அன்றைக்கு நிற்காததால் இன்றைக்கும் யாருக்கும் சொல்ல முடியாது, தெரிந்தால் விசாரணைக்குக் கொண்டுபோவார்கள். அம்மா செத்துப்போனா. பிறகு தெரிந்தவன் மிரோஜன் ஒருவன்தான். கலியாணத்துக்கு முதல், தான் கட்டப்போகிற கிறேஸ் அக்காவுக்குச் சொல்ல நினைத்தாராம், பயத்தில் சொல்லவில்லை. பிறகு சொல்வதற்கு இடமில்லாமல் போயிற்று.

லியோன் என்பது அவருடைய பெயர் அல்ல. வேறு பெயர் போட்டு எழுதும் என்றவர் அவர்தான். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு மிரோஜன் அடிக்கடி எடுத்தான். துவக்கு வாங்கிவிட்டான், பெல்ஜியத்தானுடையது. தோளில் வைத்துக் கண்ணைத் திறந்தபோது குறி நேரே நின்றதாம். அண்ணைக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒவ்வொரு முறையும் தம்பி ஒன்று கேட்பான், அண்ணை இரண்டு சொல்லுவார். ஈரத்துக்குள் எப்படிப் படுத்திருப்பது, பசியை எப்படி மறப்பது, வெடிச் சத்தத்துக்குப் பிறகு காட்டில் எது முதலில் கத்தும். பதினைந்து வருடமாக ஒருவரும் கேட்காததை ஒருவன் கேட்கிறான். வேலைகூடச் சுறுசுறுப்பாக நடந்தது. நானும் தம்பியை நல்லவன் என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் சுதன் வந்தான். கடலில் தொழிலுக்குப் போகிற பெடியன், வாய் ஓயாது. எஞ்சினைத் தூக்கி மர வாங்கில் வைத்துவிட்டுத் தொலைபேசியை நீட்டினான்.

“அண்ணை, இதைப் பாருங்கோ. ஊர்க் குழுமத்தில உங்கட தம்பியின்ர வீடியோ. லண்டன், கனடா எல்லாம் கைதட்டுது.”

நானும் எழுந்து வந்து பார்த்தேன். மரத்தால் செய்த சிறிய வீடு. நெருப்பு எரிகிறது. மிரோஜன் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறான். சுற்றிவர நாலைந்து தமிழ்ப் பெடியன்கள். அவர்களில் ஒருவன், “அண்ணை, அந்த நாள் கதை ஒண்டு சொல்லுங்கோவன்” என்கிறான்.

மிரோஜன் நெருப்பைப் பார்த்தபடி சொன்னான். “அங்க எங்கயடா அலுமாரி? மழைக்குள்ள துவக்கைச் சுத்த ஒரு துணி இல்லாமல் நான் அம்மா தைச்சுத் தந்த சேட்டின்ர கையைக் கிழிச்செல்லோ சுத்தினனான். ஒரு கையோட அந்தச் சேட்டைக் கடைசி மட்டும் போட்டுக்கொண்டு திரிஞ்சனான்.” ஒரு சொல்லும் மாறவில்லை. மூச்சு விட்ட இடமும் அதேதான். பிறகு வலது காதைத் தொட்டான். “இதாலை இப்பவும் எனக்குச் சரியாக் கேக்காது. ஷெல்.”

லியோன் அண்ணை தன் வலது காதைத் தொடவில்லை. தொடப்போன கை பாதியில் நின்றதை நான் கண்டேன். அது எஞ்சின் மூடியின் மேல் போய் இருந்தது.

“சிங்கமெல்லோ!” என்றான் சுதன். “ஒரு வீட்டில ரண்டு பெடியள். தம்பி சண்டையில நிண்டிருக்கிறான். அண்ணைக்காரன் நீங்கள் அந்த நேரம் எங்க நிண்டனீங்கள், அம்மான்ர சீலைக்குப் பின்னாலயோ?”

பகிடிதான். சுதனுக்கு யாரையும் நோகடிக்கத் தெரியாது. அண்ணை பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“ஓம்” என்றார். “நான் அம்மாவோட நிண்டனான்.”

சுதன் போனபின் கிறேஸ் அக்கா சாப்பாடு கொண்டுவந்தா. வீடியோவை அவவும் பார்த்திருக்கிறா. சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு அவரின் வலது பக்கத்தில் நின்று ஏதோ கேட்டா. அவருக்குக் கேட்கவில்லை. சுற்றி மற்றப் பக்கம் வந்து திரும்பக் கேட்டா.

“இஞ்சருங்கோ, மிரோஜனுக்குக் காது கேக்காதாமே? ஒருநாளும் எனக்குச் சொல்லேல்ல. எவ்வளவு பட்டிருக்கிறான் அந்தப் பிள்ளை! உங்கட காது எஞ்சினில போனது எண்டு நான் உங்களை எத்தினை தரம் ஏசியிருப்பன். அவன் ஒரு சொல்லுச் சொன்னவனே?”

அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுக்க ஒரு வழி இருந்தது: அது நான் என்று சொல்வது. அதைச் சொன்னால் அன்றைக்குத் தனியே போய் நிற்காதவர் யார் என்பதும் தெரியவரும். தம்பிக்கு இது தெரியும். நோர்வேயில் அவனை அழைத்து விசாரிக்க யாரும் இல்லை. இங்கே குழுமத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு மிரோஜன் எடுத்தான். அண்ணை ஸ்பீக்கரில் போட்டார். காற்றுச் சத்தம் பலமாக இருந்தது.

“அண்ணை, கெதியாச் சொல்லுங்கோ. காட்டுக்குள்ள நிக்கிறம். நல்ல குளிர், துவக்கு இறுகிப்போச்சு. அடுத்தது ஏறுதில்லை. எல்லாரும் என்னைத்தான் பாக்கிறாங்கள்.”

“நீதானே சண்டையில நிண்டனீ. உனக்குத் தெரியாதோ?”

காற்றோடு சப்பாத்துச் சத்தம் கேட்டது. மற்றவர்களை விட்டு நடந்து தூரப் போயிருக்க வேண்டும். திரும்பக் கதைத்தபோது குரல் தணிந்திருந்தது.

“வீடியோ பாத்தனீங்களே? சும்மா ஒரு கதைக்குச் சொன்னது அண்ணை. நீங்கள் சொல்லப்போறேல்ல, சொல்லவும் ஏலாது. சும்மா கிடக்கிற எஞ்சினை ஆரும் ஓடினால் நல்லது எண்டு நீங்கள்தானே சொல்லுவியள்?”

“சேட்டு எடுத்தாய், சரி” என்றார் லியோன் அண்ணை. அவர் குரல் உயரவில்லை. “உனக்காகத்தான் போட்டனான், எடு. காதை ஏனடா எடுத்தனீ?”

மிரோஜன் குரலை இன்னும் தணித்தான். “அண்ணை, இவங்கள் வாறாங்கள். துவக்குக்கு என்ன செய்ய எண்டு மட்டும் சொல்லுங்கோ, பிளீஸ்” என்றான்.

அவர் தொலைபேசியைக் கையில் எடுத்தார். ஸ்பீக்கரை நிற்பாட்டினார். நான் அவரைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவை அதைக் காதில் வைத்தார், வலது காதில்.

தகரத்துக்கு இப்பால், பூச்சி கத்துவதுபோல ஒரு மெல்லிய குரல் எனக்குக் கேட்டது. கேட்டது, கெஞ்சியது, பிறகு கோபப்பட்டது. அண்ணை ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தார். இடைக்கிடை, “ஓம்… ஓம்…” என்றார். குரல் ஓய்ந்து வெகுநேரமாகியும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முடிந்துவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்?