கார்பெட் நேரா, சாய்வா?

முதலில் மன்னித்துவிடுங்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். தொழுகையும் தெரியாது, கட்டடக் கலையும் தெரியாது. பள்ளிவாசலைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி? ஆனாலும் போன சனிக்கிழமை பார்த்ததைச் சொல்லாவிட்டால் குழப்பம் தீராது போலிருக்கிறது.

ஆம்பூரில் தோல் ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்பவர் பஷீர் பாய். "பள்ளிவாசலுக்குக் கார்பெட் வந்திருக்குப்பா. தூக்க ஒரு கை குடு" என்றார். போனேன்.

உள்ளே நுழைந்ததும் திகைத்தேன். கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டேனா? அதே கல் தூண்கள் — அடியில் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, உச்சியில் தாமரை. குவிமாடம் இல்லை, கல் பலகைக் கூரை. உருவங்கள் மட்டும் கிடையாது. எந்தக் காலத்துக் கட்டடம்? நவாபுக்கு முந்தி என்கிறார்கள். எவ்வளவு முந்தி? ஆளுக்கொரு பதில்...

கார்பெட்டில் வரிசையாக நிற்பதற்குக் கோடுகள் இருந்தன. அதை விரிக்க வந்த வாலாஜாப்பேட்டைக்காரர் செல்போனில் திசை பார்த்தார்.

"பாய், நீங்க பார்த்துத் தொழற செவுரு நேர் மேற்கு. மக்கா இன்னும் கொஞ்சம் வலது பக்கம். நேராப் போடட்டுமா, சாய்ச்சுப் போடட்டுமா?"

பஷீர் பாயின் முகம் செத்துவிட்டது. "சின்ன வயசுலருந்து இங்க நேராத்தானே நின்னேன்? அந்தத் தொழுகையெல்லாம் இன்னாவாறது?"

தொழுகை நடத்தும் ஹஜ்ரத் அவர் தோளைத் தட்டினார். "எல்லாம் கூடும் பாய், ஒண்ணும் வீணாகாது. மேற்கு பார்த்து நின்னீங்க இல்ல? போதும்."

"அப்ப நேராவே போடலாமே?"

"சரியான திசை தெரிஞ்சப்புறம் அதுல நிக்கறதுதானே நல்லது?"

"இன்னா ஹஜ்ரத், காலைல வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இந்தாளு போனை எடுத்ததும் கோணலாயிடுச்சா?"

"என் மேல இன்னா பாய் கோவம்?" என்றார் வாலாஜாக்காரர். "சாய்ச்சா தூணுக்குத் தூணு கார்பெட்டை வெட்டணும். எனக்குத்தான் பேஜாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பஷீர் பாய் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. உனக்கு இன்னா தோணுது?"

எனக்கா? அந்தக் காலத்துக் கல்தச்சர்கள், மேற்கு என்றதும் கோயில் கணக்கில் சுவரை நேர் மேற்காக நிறுத்திவிட்டார்களோ? அல்லது அன்றைக்கு எல்லோருக்கும் மேற்கு என்பதே போதுமாக இருந்ததோ? எங்கள் தெருப் பிள்ளையார் கிழக்கு பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அது சரியான கிழக்குதானா? நான் பார்த்ததில்லை. என்னிடமும் போன் இருக்கிறது... எடுத்துப் பார்க்கத்தான் தைரியமில்லை. "தெரியல பாய்" என்றேன்.

கடைசியில் ஹஜ்ரத் சொன்னபடி சாய்த்தே விரித்தோம்.

மறுநாள் மத்தியானத் தொழுகையை வாசலில் நின்று பார்த்தேன். பஷீர் பாய் எல்லோரோடும் சாய்வாக நின்றார். பிறகு அவரவர் தனித்தனியாகத் தொழும்போது பழையபடி நேராக நின்றார்.