ஜீப்பில் பின்னால் வந்தவர்

எங்கள் பனியன் கம்பெனியில் சாம்பிள் தைத்தால் 'எம்' சைஸை எனக்குத்தான் போட்டுப் பார்ப்பார்கள். நான் அங்கே டெம்போ டிரைவர். வெட்டின துணியை அருள்புரத்தில் இருக்கும் தையல் யூனிட்டுக்குக் கொண்டுபோய், தைத்ததைத் திருப்பிக் கொண்டுவருவது என் வேலை. ஆனால் என் தோளும் இடுப்பும் எம் சைஸுக்கு அச்சாகப் பொருந்தும் என்று சாம்பிள் டெய்லர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். லோடு இறக்கிக்கொண்டிருந்தாலும் கூப்பிடுவார். துணியைச் செக்கிங் செய்யும் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, புது டீ-ஷர்ட்டில் கையைத் தூக்கி நிற்பதற்குள் எனக்கு உடம்பே கூசிவிடும்.

அன்றைக்கு அவர் கையில் இருந்தது டீ-ஷர்ட் இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பாக இருந்தது. கார் ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடுவதாம். கோயமுத்தூர்ப் பக்கம் பெரிய பேர் வாங்கிய ஒரு ரேஸ் வீரரைப் பற்றி டாகுமெண்டரி படம் எடுக்கிறார்கள், அவர் வயதாகி நோயில் படுத்து இறந்து வெகுநாள் ஆகிறது, அவருடைய பழைய உடுப்பைக் கொடுத்து அதே அளவில் தைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் டெய்லர்.

போட்டுக்கொண்டு நின்றேன். படத்தை எடுக்கும் பெண் மெட்ராஸ்காரர். சின்ன வயசு. என்னைச் சுற்றி வந்து முதுகுப் பக்கமாகப் போட்டோ எடுத்தார்.

"அண்ணா, நீங்க வண்டி ஓட்டுவீங்களா?"

டெய்லருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் திருநெல்வேலிக்காரர். "நல்லா கேட்டிய போங்க. இந்த அண்ணாச்சிக்கு ஓட்டத் தெரிஞ்சது ஒண்ணு, வெக்கப்படத் தெரிஞ்சது ஒண்ணு" என்றார்.

அந்த வீரர் ஓட்டியதை அந்தக் காலத்தில் யாரும் படம் பிடித்து வைக்கவில்லையாம். போட்டோக்கள்தான் இருக்கின்றனவாம். அவருடைய காரை அவருடைய உடுப்பில் யாராவது ஓட்ட வேண்டும். ஹெல்மெட் போட்டிருப்பதால் முகம் தெரியாது. முகம் தெரியாது என்றதும் தலையை ஆட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் லைசென்ஸைக் கேட்டார். ஜெராக்ஸ் போதாது, ஒரிஜினல் வேண்டும், ஷூட்டிங் முடிந்ததும் தருகிறேன் என்றார். கூச்சப்படுகிறவனுக்கு 'முடியாது' என்ற வார்த்தை நேரத்துக்கு வராது. கொடுத்துவிட்டேன்.

அவர் போனதும் டெய்லர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரிஜினலயா கொடுத்திய? அண்ணாச்சி, பழைய கார மரத்துல மோத விட்டு இன்சூரன்ஸ் வாங்கிருவாவ. கேஸு யார் பேருல விழும்? ஓட்டுனவன் பேருல. அதுக்குத்தான் லைசென்சு."

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் திருகி அணைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க, மூஞ்சியே தெரியாதுன்னா உங்கள எதுக்குங்க கூப்படறாங்க? திருப்பூர்ல டிரைவருக்கா பஞ்சம்?"

எனக்கும் அதுதான் உறுத்தியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கென்று இருக்கும் ஒரே சான்று அந்த அட்டைதான். அது போனால் டெம்போ போகும், டெம்போ போனால் இந்த வயதில் எந்த கம்பெனியிலும் ஹெல்பராகக்கூட எடுக்க மாட்டார்கள். அந்த வாரம் முழுக்க, போலீஸ் நிற்கும் இடங்களை விட்டுச் சந்து சந்தாக டெம்போவை ஓட்டினேன். மனசு கேட்காமல் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"பத்திரமா இருக்குண்ணா."

"யாருகிட்டங்க இருக்குது?"

"பத்திரமா இருக்குண்ணா" என்று திரும்பவும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவிநாசிபாளையம் தாண்டி, போட்டு முடித்தும் திறக்காமல் கிடந்த ஒரு ரோட்டில் ஷூட்டிங். லாரியிலிருந்து காரை இறக்கினார்கள். ஒரே ஆள் உட்காரும் கார். தரையை ஒட்டிப் படகு மாதிரி இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் ரோடு என் இடுப்பு உயரத்தில் ஓடுவது போலிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் ஜீப்பில் வந்திருந்தார். காரை அவர் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். நான் காரை எடுத்தால் ஜீப்பை எடுத்தார், நிறுத்தினால் நிறுத்தினார். இன்சூரன்ஸ் ஆள் இவர்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

மத்தியானம் அந்தப் பெண் வந்து, "அண்ணா, கடைசி ஷாட். நல்ல வேகமா வந்து அந்த வளைவுல மண்ணுல இறக்கித் திருப்புங்க. புழுதி பறக்கணும்" என்றார். வளைவைப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் ஒரு புளியமரம் நின்றது.

டெய்லர் சொன்ன மரம் அதுதான். காரை விட்டு இறங்கினேன்.

"லைசென்ஸக் குடுங்க. அப்புறம் ஓட்டறேன்."

வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, சட்டைப் பையிலிருந்து என் லைசென்ஸை எடுத்துக் காட்டினார். காட்டினாரே தவிரக் கொடுக்கவில்லை.

"கார் லாரி ஏறட்டுங்க தம்பி, தர்றேன். இது எங்கண்ணன் ஓட்டுன வண்டி. வேற ஆளு உக்காந்தாலே எனக்குப் பொறுக்க மாட்டீங்குது. நீங்க பாட்டுக்கு வண்டிய முறுக்கிட்டு எங்கியாச்சும் போயிட்டீங்கன்னா? அதுக்குத்தான் வாங்கி வெக்கச் சொன்னேன்."

பல்லடம் ரோட்டில் அந்த உடுப்போடும் அந்தக் காரோடும் நான் எங்கே போய் ஒளிவது?

"நான் உங்களைய இன்சூரன்ஸ் ஆளுன்னு நெனைச்சனுங்க" என்றேன்.

"என்னையவா?"

"காரை மோத விட்டு எம்மேல கேஸ் போடுவீங்கன்னு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணன் காரை மோத விடுவேனா என்று காரைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அப்படியும் லைசென்ஸ் கைக்கு வரவில்லை. அது வராமல் நான் ஏறுவதாக இல்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கேமராக்காரர் வானத்தைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தார்.

கடைசியில் அந்தப் பெண்தான் வழி சொன்னார். லைசென்ஸ் என் உடுப்புப் பையில் இருக்கட்டும், பெரியவர் ஜீப்பில் தள்ளிப் பின்னால் வரட்டும். பெரியவரே அதைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். காரை எடுத்தேன். தள்ளி வரச் சொன்னவர் ஒட்டிக்கொண்டு வந்தார். "மெதுவா! மெதுவா!" என்று பின்னாலிருந்து கத்தினார். மெதுவாகத்தான் போனேன். டெம்போவில் லோடு ஏற்றிக்கொண்டு போகும் வேகம். வளைவில் மண்ணில் இறக்கி, மரத்துக்கு வெகு முன்னாலேயே திருப்பிவிட்டேன். ஜீப்பும் அதே மண்ணில் இறங்கித் திரும்பியது. அந்தப் பெண் தலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை எடுக்க வெளிச்சமில்லை.

படம் முடிந்து, திருப்பூரில் ஒரு ஹாலில் போட்டுக் காட்டினார்கள். வீட்டுக்காரியோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்த ஷாட் வந்தது. என்ன செய்தார்களோ, கார் பறந்தது. புழுதி திரையை மூடியது. புழுதிக்குள்ளிருந்து ஜீப் வந்தது. அண்ணன் எங்கே ரேஸ் ஓட்டினாலும் தம்பி நிழல் மாதிரி பின்னாலேயே இருப்பார், அப்படி ஒரு பாசம் என்று பின்னணியில் குரல் சொன்னது. எனக்கு முன்னால் இருந்த அம்மா மூக்கை உறிஞ்சினார்.

"அந்த ஹெல்மெட்டா நீங்க?" என்று வீட்டுக்காரி காதருகே கேட்டாள். "பரவால்லீங்க, நல்லாத்தான் இருக்குது."

அதுவரை பார்த்த படத்தையெல்லாம் மனசுக்குள் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். படத்தில் காட்டிய, கோப்பையை வாங்கிக்கொண்டு சிரிக்கும் போட்டோவாவது உண்மையில் அந்த வீரருடையதுதானா?

வெளியே வந்தபோது பெரியவர் வாசலில் நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டு ஓரமாக அழைத்துப்போனார்.

"தம்பி, நான் ஜீப்புல பின்னால வந்தது உங்க மேல சந்தேகப்பட்டுத்தான்னு அந்தப் பொண்ணுகிட்ட எடுத்துச் சொன்னனுங்க. இதே நல்லாருக்குதுன்னு விட்டுருச்சு."

"அப்ப அண்ணன்கூட நீங்க போவீங்கதானுங்க?"

"ஒருக்காக்கூடப் போனதில்லீங்க. அண்ணன் ரேஸுக்குப் போறது ஊட்டுல ஒருத்தருக்கும் ஆகாது. நான் அவருகிட்டப் பேசறதே இல்ல."

அதற்குள் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவதாக வந்தவரிடம் கைகூப்பிச் சிரித்தார். அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சிய அந்த அம்மா வந்தார்.

"எல்லா ரேஸுக்கும் கூடவே போவீங்களாங்க?"

"ஆமாங்கம்மா" என்றார் பெரியவர். "எங்க போனாலும் பின்னாலயே போயிருவேன். மெதுவா, மெதுவான்னு கத்தீட்டே போவேன்."

சொல்லிவிட்டு நான் நிற்கும் பக்கம் பார்த்தார். ஜீப்பில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.